கல்லுக்குப் பக்கத்திலா, வீட்டுக்குப் பொட்டலமா: சால்வடோர் உணவகத்தில் எதைத் தேர்வது

வாஷிங்டனின் மேரிலாந்துப் புறநகர்களான லாங்லி பார்க், ஹையட்ஸ்வில், வீட்டன் போன்ற இடங்களில் குடியிருப்பவர்களுக்கு எல் சால்வடோர் நாட்டு உணவகம் தேடிப் போய்ப் பார்க்கும் புதுமை அன்று. சலவைக் கடைக்கும் பணம் அனுப்பும் கடைக்கும் நடுவில், பத்துப் பன்னிரண்டு மேசைகளோடு, மூலையிலுள்ள தொலைக்காட்சியில் கால்பந்து ஓடிக்கொண்டிருக்க, காலையிலிருந்து இரவு வரை திறந்திருக்கும் அக்கம்பக்கத்துக் கடை அது. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்களும், 2001ஆம் ஆண்டின் நிலநடுக்கங்களை ஒட்டி அமெரிக்க அரசு அளித்த தற்காலிகப் பாதுகாப்பினால் இங்கேயே தங்க முடிந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளுமாக இந்த வட்டாரத்தில் சால்வடோர் மக்கள் பெருந்தொகையினர். இந்திய மளிகைக் கடைகளும் இதே சாலைகளில்தான் இருக்கின்றன. எனவே அரிசி மூட்டை வாங்கப் போன இடத்தில் பசி எடுத்தால், எங்கள் குடும்பம் நுழைவது பெரும்பாலும் இத்தகைய கடை ஒன்றில்தான்.

நுழைந்ததும் குழப்பம் தொடங்கும். உள்ளே பூரணம் வைத்துச் சுடச்சுடத் தட்டித் தரும் மக்காச்சோள ரொட்டியான புப்புசாவை வாங்குவதா, இறைச்சியும் சோறும் பயறும் நிறைந்த முழுத் தட்டை வாங்குவதா, வார இறுதியில் மட்டும் கிடைக்கும் சூப்பை வாங்குவதா, உட்கார்ந்து உண்பதா, கட்டி எடுத்துக்கொண்டு போவதா என்பவை வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். ஏழெட்டு ஆண்டுகளாக இக்கடைகளுக்குப் போய் வந்ததில் எனக்குப் புரிந்தது, இவை எல்லாம் ஒரே கேள்வியின் கிளைகள் என்பதுதான்: அடுப்பை விட்டு இறங்கிய பண்டம் எத்தனை நிமிடம் தாங்கும்? அதை அறிந்துகொண்டால் மற்றத் தேர்வுகள் தாமாகவே அமைந்துவிடும்.

முதலில் புப்புசா. 2005இல் எல் சால்வடோர் சட்டமன்றம் இதைத் தேசிய உணவாக அறிவித்து, நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை இதற்கான நாளாகவும் ஒதுக்கியது. செய்முறையைப் பார்த்தால் தமிழ்ச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்குப் போளி நினைவுக்கு வரும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவிலிருந்து, அல்லது அவ்வாறு பக்குவப்படுத்தி உலர்த்திக் கடையில் விற்கும் மாவைப் பிசைந்து, எலுமிச்சையை விடப் பெரிய உருண்டை ஒன்று எடுக்கிறார்கள். கட்டைவிரலால் குழித்துக் கிண்ணம் போலாக்கி, உள்ளே பூரணத்தை வைத்து மூடி, எண்ணெயும் தண்ணீரும் தொட்ட உள்ளங்கைகளுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டி, ஒரு சாண் அகலத்துக்கும் சற்றுக் குறைவான வட்டமாக்கிக் கல்லில் போடுகிறார்கள். போளியைப் போல இலையில் வைத்துத் தட்டுவதில்லை. முழு வேலையும் கைகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நல்ல கடை என்பதற்கு என்னுடைய முதல் சோதனை காதுதான். சமையலறையிலிருந்து அந்தப் பட்பட்டென்ற கைத்தட்டல் கேட்டால் உட்காரலாம். கேட்காவிட்டால், காலையில் தட்டி அடுக்கி வைத்ததைச் சூடாக்கித் தருகிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு.

கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த புப்புசாவில் மூன்று பக்குவங்கள் ஒன்றாக இருக்கும். மேல்தோல் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு மொறுமொறுப்பாகவும், அதற்கடுத்த மாவு மென்மையாகவும், நடுவில் பாலாடைக்கட்டி இழை இழையாக இழுபட்டும் இருக்கும். விளிம்பில் எங்காவது பாலாடைக்கட்டி கசிந்து கல்லில் பட்டுப் பொன்னிறச் சருகாகியிருந்தால், அதற்காகவே எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சண்டையிடுவார்கள். இந்தப் பக்குவத்தின் ஆயுள் என் கணக்கில் பத்து நிமிடம். அதற்குப் பின் உள்ளே இருக்கும் நீராவி மேல்தோலை ஊறவைத்துவிடும், பாலாடைக்கட்டி இறுகிவிடும்.

இதை நான் கற்றது ஒரு மழை இரவில். விருந்தினர் வருகிறார்கள் என்று ஒரு கடையில் பன்னிரண்டு புப்புசாக்கள் சொல்லி, அவற்றை நுரைப்பஞ்சுப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடித் தந்ததை அப்படியே வாங்கி, நெரிசலில் நாற்பது நிமிடம் ஓட்டி வீடு சேர்ந்தேன். பெட்டியைத் திறந்தபோது மூடியின் உட்புறம் முழுவதும் நீர் முத்துக்கள்; கீழடுக்கில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழிந்து, உள்ளிருந்த பயறு வெளியே வந்துவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுத்தார். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் செய்யக்கூடியது இரண்டு. பெட்டியின் மூடியைச் சற்றுத் திறந்தே வைத்துக் கொண்டுவர வேண்டும். வீட்டில் நுண்ணலை அடுப்பைத் தொடாமல், தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் வாட்ட வேண்டும். மேல்தோலின் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். பாலாடைக்கட்டியின் இழை மட்டும் முன்போல் வராது.

ஆகவே உட்கார்ந்து உண்பதற்கும் கட்டிச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு புப்புசாவைப் பொறுத்தவரை வசதி பற்றியதன்று, சுவை பற்றியது. கூடவே வரும் குர்த்தீதோவும் இதில் சேரும். முட்டைக்கோசு, கேரட், வெங்காயம் ஆகியவற்றை மெலிதாக அரிந்து, காய்ந்த ஓரிகனோ இலையும் காடியும் சேர்த்து ஊறவைத்த தொட்டுகறி அது. சில கடைகளில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள், சில கடைகளில் அன்றன்றைக்குக் கலந்துவிடுவார்கள். மேசையில் பெரிய கண்ணாடிச் சாடியில் இடுக்கியோடு வைத்திருக்கும் கடையில் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கட்டித் தரும்போது அதே குர்த்தீதோ சிறிய ஞெகிழிப் பையில் முடிச்சிட்டு, ஆளுக்கு ஒரு பிடி என்று அளவாக வரும். நீர்க்கத் தயாரித்த தக்காளிச் சாறும் அப்படித்தான். புப்புசாவின் மேல் குர்த்தீதோவைக் குவித்து, சாற்றை ஊற்றி, கையாலேயே கிள்ளி உண்பதே அந்நாட்டு வழக்கம். முள்கரண்டி எடுப்பவரைத்தான் அங்கே வேடிக்கை பார்ப்பார்கள் என்பது நமக்குச் சாதகமான செய்தி.

பூரணத் தேர்வில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதிகம் விற்பது ரெவுவெல்த்தா எனப்படும் கலவை: பன்றியிறைச்சி, பயறு, பாலாடைக்கட்டி மூன்றும் சேர்ந்தது. இதில் வரும் இறைச்சிக்குச் சிச்சரோன் என்று பெயர் என்றாலும், பெயரை வைத்து மொறுமொறுப்பான வறுத்த தோலை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். வதக்கி வேகவைத்த இறைச்சியைத் தக்காளி, குடைமிளகாயோடு விழுதாக அரைத்திருப்பார்கள். அதே உணவுப் பட்டியலில், பொரித்த மரவள்ளிக்கிழங்கோடு வரும் சிச்சரோன் மட்டும் கையளவுத் துண்டுகளாகப் பொரித்ததாக இருக்கும். ஒரே சொல் இரண்டு பண்டங்களைக் குறிப்பது முதல் முறை வருபவரைக் குழப்புவது இயல்பு.

எனக்கு விருப்பமானது லொரோக்கோவும் பாலாடைக்கட்டியும். லொரோக்கோ என்பது மத்திய அமெரிக்கக் கொடி ஒன்றின் பூமொட்டு. அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கேட்டு அஞ்ச வேண்டாம். அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு வருகிறார்கள். பச்சை வாசமும் நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பும் உள்ள அம்மொட்டுகள் இங்கே உறையவைத்தோ உப்புநீரில் ஊறவைத்தோ வருகின்றன. உப்புநீர்ச் சாடியிலிருந்து எடுத்தது புளிப்பும் உப்பும் ஏறி மணம் மங்கிவிடும். உறைந்ததைப் பயன்படுத்தும் கடையில் மட்டும் லொரோக்கோ கேட்பது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றக் கடைகளில் மோரா கேட்பேன். மோரா என்ற கீரை நம் மணத்தக்காளிக்கு மிக நெருங்கிய உறவு. வதக்கிய மணத்தக்காளிக் கீரையின் அதே இளங்கசப்பு, உருகிய பாலாடைக்கட்டிக்கு நடுவில் எதிர்பாராமல் தட்டுப்படும்போது ஊருக்கு ஒரு நொடி போய் வந்தது போலிருக்கும்.

மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பயறும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த புப்புசாவில் இறைச்சி இல்லை என்று பரிமாறுபவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பயற்றை வதக்கி மசிக்கும்போது பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பல கடைகள் இப்போது தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டன, சில மாறவில்லை. கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு: கொழுப்பைக் குறிக்கும் மந்தேக்கா என்ற சொல் கெட்டியான தாவரக் கொழுப்பையும் குறிக்கக்கூடும். எனவே ‘மந்தேக்கா தே செர்தோ’, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ந்திருக்கிறதா என்று முழுமையாகக் கேட்டால்தான் தெளிவான பதில் கிடைக்கும். எல்லாப் புப்புசாக்களும் ஒரே கல்லில், ஒரே கரண்டியால் திருப்பப்படுகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைப் பொறுக்க முடியாதவர்களுக்கு இக்கடை ஏற்றதன்று. பொறுப்பவர்களுக்கு லொரோக்கோ, மோரா, அயோத்தே என்னும் பூசணி வகை ஆகிய மூன்றும் பயற்றை விடப் பாதுகாப்பான தேர்வுகள்.

மாவிலும் இரண்டு வகை உண்டு. தலைநகர் சான் சால்வடோரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒலோகுவில்த்தா என்ற ஊர் அரிசிமாப் புப்புசாவுக்குப் பெயர் பெற்றது. எங்கள் பகுதியில் எல்லாக் கடைகளிலும் அது கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் சில காசு கூடுதலாக இருக்கும். வெண்மையாக, மேல்தோல் மக்காச்சோளத்தை விட நன்றாக முறுகி, உள்ளே சற்றுப் பசைத்தன்மையோடு இருக்கும். அரிசியிலேயே வளர்ந்த நமக்கு இதுதான் பிடிக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படி அமையவில்லை. மக்காச்சோள மாவில் சுண்ணாம்பு தந்த அந்த மண் மணம் அரிசியில் இல்லை; பூரணம்தான் முழுச் சுவையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. தவிர, ஆறினால் அரிசிமாவு தோல் போல இழுபடும். எனவே உட்கார்ந்து உண்ணும்போது ஆளுக்கு ஒன்று அரிசியில் சொல்லிப் பார்க்கலாம், கட்டிச் செல்வதற்கு மக்காச்சோளம் மட்டுமே.

முழுத் தட்டின் நிலை வேறு. வாட்டிய மாட்டிறைச்சி, வெங்காயத்தோடு வதக்கிய கோழி போன்றவற்றில் ஒன்று, கூடவே கசமியெந்தோ, கொஞ்சம் பச்சைக் காய்கறி, உள்ளங்கை அகலத்தில் தடித்த இரண்டு தொர்த்தியா, அதாவது மக்காச்சோள ரொட்டி, என்று அது வரும். கசமியெந்தோ என்றால் திருமணம். சோறும் பயறும் ஒன்றாகக் கலந்து வதங்கியதற்கு அந்தப் பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வுள்ளவர். இந்தத் தட்டு அரை மணி நேரப் பயணத்தை எளிதாகத் தாங்கும். இறைச்சியும் சோறும் ஆறினாலும் சுடவைத்தால் பழுதில்லை. ஆகவே வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கட்டிக்கொண்டு போக விரும்புபவர் இதைத் தேர்வதே அறிவுடைமை. முட்டை உண்ணும் மரக்கறியாளருக்கு, பல கடைகளில் நாள் முழுவதும் கிடைக்கும் காலை உணவுத் தட்டு இன்னும் பொருத்தம்: தக்காளி சேர்த்துக் கிளறிய முட்டை, மசித்த பயறு, பொரித்த நேந்திரம் போன்ற வாழைப்பழம், கெட்டித் தயிரைப் போல லேசாகப் புளிக்கும் பாலேடு, உப்பேறிய பாலாடைக்கட்டி. பயறு பற்றிய கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும். மரவள்ளிக்கிழங்கு வாங்குவதானால், கட்டிச் செல்ல வேகவைத்தது, அங்கேயே உண்ணப் பொரித்தது.

இனி சூப்புகள். சனி, ஞாயிறுகளில் பல கடைகளில் கண்ணாடிக் கதவின் மேல் கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். மாட்டுக் கால், குடல், மரவள்ளி, வாழைக்காய், மக்காச்சோளக் கதிர்த் துண்டு, நாம் சௌசௌ என்று வாங்கும் அதே காய் ஆகியவை பெரிய கிண்ணத்தில் மிதக்க வரும் சோப்பா தே பாத்தா ஒன்று. நாட்டுக்கோழி சூப்பு மற்றொன்று. கோழி சூப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: வெந்த கோழியைச் சாற்றிலிருந்து எடுத்துக் கல்லில் வாட்டி, சோற்றோடு தனித் தட்டில் வைத்துவிட்டு, சாற்றை மட்டும் காய்கறிகளோடு கிண்ணத்தில் தருவார்கள். எங்கள் வீட்டில் கால் சூப்புக்கு ஆதரவு எனக்கு மட்டும்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடைகளில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து, முழங்கை மேசையில் ஊன்றி எலும்பை உறிஞ்சுவதைப் பார்த்தால், அன்றைக்குப் புப்புசா கேட்பவர் வந்த நாளைத் தவறாகத் தேர்ந்தவர் என்று புரியும். ஒப்பீட்டில் சூப்புக்கு உள்ள பெரிய வலிமை, அது எடுத்துச் செல்லப்படுவதால் எதையும் இழப்பதில்லை என்பது. பெரிய மூடிபோட்ட குவளையில் தருவார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் கால் சூப்பு மறுநாள் கூழ் போல உறைந்து, சுடவைத்ததும் முன்னைவிடக் கெட்டியான சாறாகும்.

பட்டியலின் கடைசிப் பக்கங்களில் டாக்கோ, புரீத்தோ, ஃபஹீத்தா என்று மெக்சிக்க வகைகள் இருக்கும். புப்புசா என்றால் என்னவென்று தெரியாத அமெரிக்க வாடிக்கையாளர்களை இழுக்கச் சேர்த்தவை அவை. மோசமில்லை, ஆனால் அவற்றுக்காக இந்தக் கடைக்கு வர வேண்டியதில்லை.

செலவையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் புப்புசா ஒன்று மூன்றரை டாலர் அளவில் இருக்கிறது. நான்கு பேருக்குப் பத்துப் புப்புசா என்றால் 35 டாலர். உட்கார்ந்தால் ஆளுக்கொரு பானம் நான்கு டாலர் வீதம் சேர்ந்து 51 ஆகும். இருபது விழுக்காடு அன்பளிப்பும் சேர்ந்தால், வரி நீங்கலாக, 61 டாலரைத் தொடும். கட்டிச் சென்றால் 35 டாலரோடு முடியும். ஏறத்தாழ 26 டாலர் வேறுபாடு சிறிய தொகையன்று. இதற்கு நடுவழி, தண்ணீர் மட்டும் கேட்டு உட்காருவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பானத்துக்குச் செலவிடுவதானால் ஓர்ச்சாத்தாவுக்கு மட்டும் செலவிடலாம். மெக்சிக்கர்களின் ஓர்ச்சாத்தா அரிசியில் செய்வது. சால்வடோர்க்காரர்களுடையது மோரோ என்ற காயின் விதையை எள், நிலக்கடலை, கொக்கோ, பட்டை ஆகியவற்றோடு வறுத்துப் பொடித்துக் கரைப்பது. சத்துமாவுக் கஞ்சியைக் குளிரவைத்துக் குடிப்பதற்கு அருகில் வரும்.

நேரத்தையும் மறந்துவிடலாகாது. புப்புசா சொன்ன பின் இருபது நிமிடம், வெள்ளி இரவில் முப்பத்தைந்து நிமிடம் கூட ஆகும். முழுத் தட்டு அதில் பாதி நேரத்தில் வந்துவிடும். பசியோடு அழும் குழந்தை உடனிருந்தால், மற்ற எல்லா வாதங்களையும் ஒதுக்கிவிட்டு முதலில் பொரித்த வாழைப்பழத்தைப் பாலேட்டோடு கேட்டு வாங்கிவிட வேண்டும். அது ஐந்து நிமிடத்தில் வரும்.

எங்கள் வழக்கம் இப்போது இப்படி நிலைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து புப்புசா. ஆளுக்கு இரண்டு சொல்லி, அவை முடியும் தறுவாயில் வேண்டியவர்கள் இன்னொன்று கேட்பது, ஏனெனில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வரவழைத்தால் கடைசிப் புப்புசா மேசையிலேயே ஆறிவிடும். வார நாள்களில் தட்டு, கட்டிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும் ஒரு குவளை சூப்பு.

கிளம்பும்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஞெகிழித்தாளில் சுற்றி வைத்திருக்கும் கெசதீயாவில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் முறை அந்தப் பெயரைக் கேட்டு, பாலாடைக்கட்டி வைத்து மடித்த மெக்சிக்க ரொட்டி என்று நினைத்து என் மகள் காரில் கடித்துவிட்டு விழித்தாள். சால்வடோர்க்காரர்களுக்குக் கெசதீயா என்பது அரிசிமாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மேலே எள் தூவிச் சுட்ட இனிப்புக் கேக். கடையில் வாங்கிய இரவைவிட, உப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று ஊறிய மறுநாள் காலையில், ஆவி பறக்கும் காப்பியோடுதான் அது நன்றாக இருக்கும்.